தும்மினால் நனைகிறதா? எண்ணிக்கைக்கு முன்னால் தசையைக் கண்டுபிடியுங்கள்

முழங்கால் வலி என்று வந்திருந்தார் அந்த அம்மா. 55 வயது இருக்கும். கட்டிலில் ஏறி உட்காரச் சொன்னேன். ஏறப் போகும்போது இருமல் வந்தது. இருமுவதற்குள் இரண்டு தொடைகளையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்தபடி லேசாகக் குனிந்து நின்றார். இருமி முடித்ததும், கொசுவத்தைச் சரிசெய்வது போல ஒரு கை கீழே போய்த் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நொடிதான். பிசியோதெரபிஸ்டாக இருக்கும் இத்தனை வருடத்தில் இந்த மூன்று நொடியை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். முழங்காலைக் கேட்கிறேன் என்று நினைத்து "ஆறு மாசமா" என்றார்.

"அது இல்லம்மா. இருமினா ஒன்னுக்கு வர்றது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கடைசிப் பொண்ணு பொறந்ததுல இருந்து" என்றார். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

பிள்ளை பெற்றால், வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று நம்மவர்கள் சுமந்துகொண்டே போய்விடுகிறார்கள். பிள்ளையே பெறாத, ஓடியாடி விளையாடும் இளம்பெண்களுக்கும் கசிவு வருவதுண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதன் முதல் வைத்தியம் மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை, இடுப்புக்கு அடியில் உள்ள தசையை இறுக்கி விடும் பயிற்சிதான். 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட முடிவு இது: இருமல், தும்மலில் கசிந்த பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் கசிவு நின்றுவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

இந்தப் பயிற்சிக்குக் கெகல் என்றும் பெயர். இதைச் சொன்னதும் பாதிப் பேர் சொல்லும் பதில், "கெகல்தானே மேடம்? யூடியூப் பார்த்துப் பண்ணினேன், ஒன்னும் ஆகலை." எப்படிச் செய்தீர்கள் என்று செய்து காட்டச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். வயிறு உள்ளே போகும், பிட்டம் இறுகும், மூச்சு நிற்கும், முகம் சிவக்கும். இறுக வேண்டிய தசை மட்டும் சும்மா இருக்கும்.

உங்களுடையது எந்த வகை?

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, வேகமாகப் படி இறங்குவது. இவற்றின்போது சொட்டுச் சொட்டாகவோ சட்டென்றோ கசிந்தால் அது அழுத்தக் கசிவு. வயிற்றில் அழுத்தம் கூடும்போது அடைப்பு தாங்கவில்லை என்று அர்த்தம். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டால் அது அவசரக் கசிவு. வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கும்போது, குழாய்ச் சத்தம் கேட்கும்போது வருவதெல்லாம் இந்த வகை. இரண்டும் கலந்தும் இருக்கலாம், நாற்பதைத் தாண்டியவர்களில் அது சகஜம். எல்லா வகைக்கும் அடிப்படைப் பயிற்சி ஒன்றுதான். அவசரக் கசிவு என்றால் அதோடு சிறுநீர்ப்பையைப் பழக்குவதும் சேரும்.

ஆனால் இவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்: சிறுநீரில் ரத்தம் தெரிந்தவர்கள், எரிச்சலோ காய்ச்சலோ இருப்பவர்கள், ஒன்றுக்குப் போக முக்க வேண்டியிருப்பவர்கள், போய் வந்த பிறகும் பை நிறைந்தே இருப்பதுபோல் தோன்றுபவர்கள். 'அடி இறங்குது' என்பார்களே, பிறப்புறுப்பில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுவது, அதுவும் இந்தக் கணக்கில் வரும். பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கோ பின் இரவு பகல் என்றில்லாமல் வடிந்துகொண்டே இருந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் நிற்காது, அங்கே ஓட்டை விழுந்திருக்கலாம். தொடை இடுக்கு மரத்துப்போய், கால் பலமிழந்து, கூடவே அடக்கமும் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை சிறுநீரைக் கூட்டிவிடும். பிபிக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில பிபி மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரும், அந்த இருமலாலேயே கசிவு கூடும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாற்று மாத்திரை உண்டு, கேட்டால் எழுதித் தருவார்கள்.

மூன்று நாள் நோட்டு

பயிற்சி தொடங்கும் முன் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன குடித்தீர்கள், எப்போது ஒன்றுக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பழைய அளவுக் கப் ஒன்றைப் பாத்ரூமில் வைத்து ஒரு நாளாவது அளந்து பார்த்தால் இன்னும் நல்லது. பகலில் 6 முதல் 8 தடவை போவது இயல்பு. ஒவ்வொரு தடவையும் 100 மில்லிகூட வராமல் 14 தடவை போகிறீர்கள் என்றால் பை சின்னதாகிவிடவில்லை, அதற்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், 12 வாரம் கழித்து வேண்டும்.

தசை எங்கே இருக்கிறது?

அவசரப்பட்டு எண்ணிக்கைக்குத் தாவாதீர்கள். முழு வைத்தியமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

குழந்தைக்குத் தூளி கட்டுவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இடுப்பெலும்பு வளையத்துக்குள் தூளி போலக் கட்டியிருக்கும் தசைகள்தான் இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளி. சிறுநீர்க்குழாய், பிறப்புறுப்பு, மலத்துவாரம் மூன்றும் இதன் வழியாகத்தான் கீழே வருகின்றன. தூளி தொய்ந்தால் மேலே உள்ளதும் தொய்யும், துளையும் சரியாக மூடாது.

இந்தத் தசை செய்யும் வேலை இரண்டு: சுருக்குவது, மேலே தூக்குவது. ஆச்சிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பார்களே, அதன் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும். அப்படிச் சுருக்கி, பையை உள்பக்கமாக மேலே இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கிப் பாதத்தை ஊன்றி, கால்களைச் சற்று அகலமாக வையுங்கள். வயிறு, தொடை, தாடை எல்லாம் தளரட்டும். நிறைந்த பஸ்ஸில் வாயு வருகிறது, வெளியே விடக்கூடாது. அப்போது எந்த இடத்தை இழுத்துப் பிடிப்பீர்களோ அந்த இடத்தை இழுங்கள். அங்கே தொடங்கி, அந்த இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரைக்கும் கொண்டுவாருங்கள். மூச்சை வெளியே விட்டபடி செய்யுங்கள். இழுப்பது எவ்வளவு முக்கியமோ, விடுவதும் அவ்வளவு முக்கியம். முழுசாகத் தளர்ந்த பிறகே அடுத்தது.

சரி, செய்தது சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள். சரியாக இழுத்தால் மலத்துவாரம் உள்ளே சுருங்கிப் போகும், அதற்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தோல் மேலே எழும். அந்த இடம் வெளிப்பக்கம் புடைத்து வந்தால் நீங்கள் இழுக்கவில்லை, முக்குகிறீர்கள். மலச்சிக்கலில் முக்குவதும் இதுவும் ஒன்றே, தினம் நூறு தடவை செய்தால் கசிவு கூடத்தான் செய்யும். கண்ணாடியில் புரியவில்லை என்றால் கையைக் கழுவிவிட்டு ஒரு விரலைப் பிறப்புறுப்புக்குள் ஒரு அங்குலம் விட்டு இழுத்துப் பாருங்கள். விரலைச் சுற்றி இறுகி, உள்பக்கம் இழுக்கும். விரல் வெளியே தள்ளப்பட்டால் அதுவும் முக்கல்தான். இதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. பல் தேய்க்க வாயில் விரல் விடுகிறோம்.

இரண்டும் கூச்சமாக இருக்கிறதா? ஒரு துண்டைச் சுருட்டி மரநாற்காலியில் நீளவாக்கில் போட்டு, அதன்மேல் கால் அகட்டி உட்காருங்கள். இழுக்கும்போது அந்த இடம் துண்டிலிருந்து லேசாக எழும்புவது தெரியும், விட்டால் மறுபடி துண்டில் அமரும். உயரம் கூடாமல் இதைச் செய்ய வேண்டும். நாற்காலியில் நீங்களே எழும்பினால் பிட்டம்தான் வேலை செய்கிறது.

ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பலர் சொல்வார்கள். தசை எங்கே என்று தெரிந்துகொள்ள ஒருமுறை செய்யலாம். அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

நான் இதையே பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல், வாயால் சொல்லிவிட்டு அனுப்பியவர் இல்லை. இறுக்கத்தின் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றையே உருவாக்கி, அதைப் பார்த்துக்கொண்டு செய்ய வைத்தவர். பிற்காலத்தில் அவர் பெயர் மட்டும் நின்றது, கருவி போய்விட்டது. 1991-ல் வந்த சின்ன ஆய்வு ஒன்றில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர். நான்கில் ஒருவர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார். அதனால் வாய்ப்பிருந்தால் ஒரே ஒரு தடவையாவது மகளிர் பிசியோதெரபிஸ்டிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'நான் சரியாக இழுக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவசர ஓபியில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. சிலருக்குத் தசை தொய்ந்திருக்காது, எப்போதும் இறுகிக் கிடக்கும். உறவின்போது வலி, ஒன்றுக்குத் தொடங்கவே நேரமாவது, அடிவயிற்றில் தீராத வலி இவையெல்லாம் அதற்கு அறிகுறி. இவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்த்துவதை. இறுக்குவது அப்புறம்.

எத்தனை தடவை, எவ்வளவு நேரம்?

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். இழுத்துப் பிடித்து வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணினால் மூச்சு அடைக்காது. எந்த எண்ணில் தானாக நழுவுகிறது? மூன்றில் நழுவினால் உங்கள் கணக்கு மூன்று நொடி. மூன்று நொடி பிடித்து ஆறு நொடி ஓய்வு. இப்படி 8 தடவை. அதன்பின் சட்டென்று இழுத்துச் சட்டென்று விடுவது 8 தடவை. இது ஒரு சுற்று. காலை, மதியம், இரவு என மூன்று சுற்று. 'குறைந்தது 8 இழுப்பு, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம்' என்பதுதான் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்வது.

மெதுவாகவும் வேகமாகவும் செய்யச் சொல்வது வெறும் மாற்றத்துக்காக இல்லை. இந்தத் தசையில் நாள்முழுக்கத் தாங்கி நிற்கும் நார்களும் உண்டு, தும்மலுக்கு நொடியில் பாய்ந்து மூடும் நார்களும் உண்டு. இரண்டுக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு நொடி கூட்டுங்கள். போய்ச் சேர வேண்டிய இடம் 10 நொடி, 10 தடவை. முதல் இரண்டு மூன்று வாரம் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. நிற்கும்போது வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அந்தத் தூளியின்மேல் உட்காரும், அதனால் பிடிக்கும் நேரம் குறைந்துபோகும். குறையட்டும். கடைசி வாரங்களில் மாவு தூக்கும்போதும் படியேறும்போதும்.

மறந்துபோவதுதான் பெரிய எதிரி. காலையில் எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒன்று, மதியம் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, இரவு சீரியல் விளம்பரத்தில் ஒன்று என்று ஏற்கெனவே நடக்கும் காரியத்தோடு முடிந்துவையுங்கள். ஆனால் கைவருவதற்கு முன்பே சமையலுக்கு நடுவில் செய்யக் கிளம்பாதீர்கள், மறுபடி பிட்டம்தான் இறுகும்.

கர்ப்பிணிகளும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். பிரசவம் ஆனவர்கள், சிறுநீர் போக டியூப் வைத்திருந்தால் அதை எடுத்தபின், வலி தாங்குகிற அளவுக்கு மெல்லத் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். மென்மையான இழுப்பு அந்த இடத்து ரத்த ஓட்டத்துக்கு நல்லது. சிசேரியன்தானே என்று விட்டுவிடாதீர்கள், பத்து மாதம் சுமந்தது அதே தூளிதான்.

இருமலுக்கு முன்னால் ஒரு இழுப்பு

தசை ஓரளவு பிடிபட்டதும் இதைப் பழகுங்கள். இருமல் வருவது தெரியும், அது வெடிப்பதற்குள் இழுத்துப் பிடித்துவிட்டு இருமுங்கள். தும்மலுக்கும், குடம் தூக்கவும், நாற்காலியிலிருந்து எழவும் அப்படியே. முதலில் வேண்டுமென்றே இருமிப் பழகுங்கள்: இழு, இருமு, விடு. கசிவு லேசாக உள்ளவர்களுக்கு ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிவதுண்டு. தசைக்கு அதற்குள் பலம் வந்திருக்காது. சரியான நொடியில் அது வேலை செய்ததால் வந்த பலன் அது.

முட்டிக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள்

அவசரக் கசிவு உள்ளவர்கள் செய்யும் முதல் தப்பு ஓடுவது. ஓடினால் வயிறு குலுங்கும், பதற்றம் கூடும், பை இன்னும் சுருங்கும். நின்ற இடத்தில் நில்லுங்கள். முடிந்தால் கெட்டியான இடத்தில் உட்காருங்கள். வேகமான இழுப்பு ஐந்தாறு கொடுங்கள். அந்தத் தசை இறுகினால் சிறுநீர்ப்பைக்குத் 'தளர்ந்துகொள்' என்று செய்தி போகும், நரம்பின் அமைப்பே அப்படி. மனதை வேறு எதிலாவது போடுங்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது நல்ல வேலை. உந்துதல் அலைபோல ஏறி இறங்கும். இறங்கியதும் நடந்து போங்கள்.

நோட்டைப் பார்த்து உங்கள் இடைவெளியைத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை போகிறவர் முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு முயல வேண்டும். அது பழகியதும் 15 நிமிடம் கூட்டுங்கள். மூன்று மணி நேர இடைவெளி வந்தால் போதும். குறைந்தது ஆறு வாரம் எடுக்கும். 'எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்' என்ற பழக்கத்தை விடுங்கள். மதுரைக்குப் பஸ் ஏறும் முன் போவது நியாயம். பாத்ரூமைக் கடக்கும்போதெல்லாம் போவது பையைக் கெடுக்கும்.

தண்ணீர், டீ, மலச்சிக்கல்

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் நம் பெண்களின் முதல் வைத்தியம். சரியான கழிவறை இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் சிறுநீர் அடர்ந்தால் பை எரிச்சலடையும், மலம் கட்டும், கிருமித்தொற்றும் வரும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள், கோடையில் இன்னும் கூடுதலாகக் குடிக்கலாம். குறைக்க வேண்டியது டீயையும் காபியையும், அதுவும் சாயங்காலத்துக்கு மேல்.

மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் இந்தப் பயிற்சியைச் செய்வது பகலில் கட்டி இரவில் இடிப்பது. முக்குவதை நிறுத்துங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு குட்டை ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே பலன் உண்டு. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடை குறைத்த பெண்களுக்குக் கசியும் தடவைகள் ஏறக்குறைய பாதியாயின. 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறேழு கிலோ.

எப்போது பலன் தெரியும்?

முதல் மூன்று நான்கு வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் நரம்பு கற்றுக்கொண்டிருக்கிறது, தசை தடிக்க அதற்கு மேலும் நாள் ஆகும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது சரியாக இந்தச் சமயத்தில்தான். 12 வாரம் முடிந்ததும் மறுபடி மூன்று நாள் நோட்டு எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள். ஐந்து தடவை கசிந்த இடத்தில் இரண்டு என்றால் அது முன்னேற்றம், தொடருங்கள்.

ஒரு மாற்றமும் இல்லையென்றால் மறுபடி முதல் கேள்விக்கே வாருங்கள்: இழுக்கிறீர்களா, முக்குகிறீர்களா? சரியாகச் செய்தும் பலனில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. இறுக்கத்தைத் திரையில் காட்டும் கருவி, தசையைத் தூண்டும் மின் சிகிச்சை, உள்ளே வைக்கும் வளையம், அவசரக் கசிவுக்கு மாத்திரை, மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம், கடைசியாக அறுவை சிகிச்சை. எது யாருக்கு என்பதை மகப்பேறு மருத்துவரோ சிறுநீர்ப்பாதை மருத்துவரோ (யூராலஜிஸ்ட்) சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் மாதவிடாய் நாப்கினை வைத்து ஒப்பேற்றாதீர்கள். சிறுநீருக்கென்றே பேட் கிடைக்கிறது, சீக்கிரம் உறிஞ்சும், தோல் புண்ணாவது குறையும்.

கசிவு நின்றபின் தினம் ஒரு சுற்று போதும். மழைக்காலத்தில் சளி பிடித்து ஒரு வாரம் இருமினால் மறுபடி நனையலாம். செய்ததெல்லாம் வீண் என்று உட்கார்ந்துவிடாமல், இரண்டு மூன்று வாரத்துக்குத் திரும்பவும் நாளுக்கு மூன்று சுற்று, படுத்த நிலையிலிருந்து தொடங்குங்கள்.